வாசலில் நரி, கையில் புளியங்கொட்டை

வயலோரப் புளியமரத்தின் வேருக்கடியில் ஓர் எலி வளை. அதற்குள் பொக்கையன் என்ற கிழட்டு எலியும் அவருடைய மூன்று பேரப்பிள்ளைகளும் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள். கடலை, துவரை, எள்ளு என்று மூன்றும் பொடிசுகள். வெளியே நரி!

காலையில்தான் பொக்கையனின் மகள் மொச்சை, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நெல் பொறுக்கப் போனாள். "பொழுது சாயறதுக்குள்ள வந்துடுறேன்ப்பா. பிள்ளைங்கள வெளியில விட்டுடாதீங்க!" என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனாள். அவள் தலை மறைந்ததுதான் தாமதம், புதருக்குள்ளிருந்து நரி பாய்ந்தது. நல்லவேளை, நாலு பேரும் விழுந்தடித்து வளைக்குள் புகுந்துவிட்டார்கள்.

வேர் குறுக்கே கிடந்ததால் நரியால் தோண்ட முடியவில்லை. சத்தம் போடவும் முடியாது. வரப்பு தாண்டினால் ஆட்டுக்கிடை, அங்கே இரண்டு நாய்கள். அதனால் அது வளை வாயில் மூக்கை வைத்து, "சரி சரி, நான் கிளம்புறேன். எனக்கு ஆயிரம் வேலை கிடக்கு" என்று கிசுகிசுத்தது. பிறகு காலடிச் சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை.

"போயிடுச்சு தாத்தா! வாங்க போகலாம்!" கடலை துள்ளினான்.

"இருடா! போறேன்னு சொல்லிட்டுப் போற நரியை நான் பார்த்ததே இல்ல!"

போய்விட்டதா, பக்கத்திலேயே கிடக்கிறதா? இதுதான் பொக்கையனுக்குப் பிடிபடவில்லை. எட்டிப் பார்க்கலாம். ஆனால் நரி இருந்தால், எட்டிப் பார்த்த தலை திரும்பி உள்ளே வராது. பார்க்காமல் இருந்தாலோ, சாயங்காலம் நெல்லோடு வரும் மொச்சை நேராக அதன் வாயில் போய் விழுவாள். ஐயோ, என்ன செய்வது என்று அவருக்குக் கை கால் ஓடவில்லை.

பிள்ளைகளுக்கு அதெல்லாம் தெரியுமா? "பசிக்குது!" என்றான் துவரை. "போரடிக்குது!" என்றான் கடலை. எள்ளு சத்தமில்லாமல் வாசலுக்கே நழுவிவிட்டாள். பொக்கையன் அவள் வாலைப் பிடித்து இழுத்து வந்தார்.

"எதிர்மரத்து அணில் தாத்தா, சாவி கொடுத்தா ஓடுற கார் வெச்சிருக்காராம்! நீங்க என்ன வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாள் எள்ளு.

பொக்கையனுக்குச் சுருக்கென்றது. என்ன இருக்கிறது அவரிடம்? மூலையைத் துழாவினார். ஒரு பிடி புளியங்கொட்டை அகப்பட்டது. அதைத் தரையில் குவித்து, "ஃபூ" என்று ஊதினார்.

"ஒண்ணை எடுக்கும்போது இன்னொண்ணு அசையக் கூடாது. அசைஞ்சா அவுட்!"

அடடா! அதுவரை வளையையே இரண்டாக்கிய வாண்டுகள், மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டன. தாத்தா எடுத்தால் மட்டும் குவியலே சரிந்தது. "தாத்தா அவுட்டு!" என்று அவை சிரிக்கும்போதும், அவருடைய ஒரு காது வாசலில்தான் இருந்தது.

மத்தியானம் வரைக்கும் அது ஓடியது. பிறகு, ஒத்தையா ரெட்டையா. கொட்டைகளைக் கைக்குள் மூடிக்கொள்வார், பிள்ளைகள் சொல்ல வேண்டும். அதுவும் சலித்து எள்ளு மறுபடி வாசலைப் பார்த்தபோது, பதற்றத்தில் பொக்கையன் வாய் தவறிவிட்டார்.

"தொடர்ந்து மூணு தரம் சரியாச் சொன்னா வெளியில விடுறேன்!"

சொன்ன பிறகுதான் பகீர் என்றது. ஆனால் பிள்ளைகள் ஒன்று சரியாகச் சொன்னால் அடுத்ததில் கோட்டை விட்டன. பொழுதும் போனது. வளை வாயில் வெயில் மஞ்சளாகியது. மொச்சை வருகிற நேரம்!

அப்போது பார்த்து எள்ளு, "ரெட்டை" என்றாள். சரி. மறுபடியும், "ரெட்டை" என்றாள். அதுவும் சரி!

மூன்றாவது முறை கையை மூடினார் பொக்கையன். உள்ளே எத்தனை என்று அவருக்கே தெரியாது. கொடுத்த வாக்கை மீறினால் இனி இந்தப் பிள்ளைகள் தன் சொல்லைக் கேட்குமா? மீறாவிட்டால் உயிரோடு இருக்குமா?

"ஒத்தை..." என்றாள் எள்ளு. "இல்ல இல்ல, ரெட்டை. இருங்க தாத்தா, ஒத்தை. ம்ஹூம், ரெட்டை..."

"சீக்கிரம் சொல்லு!" என்றான் கடலை.

"இரு, யோசிக்கிறேன். ஒத்தை... இல்ல..."

"அட, ஒத்தைன்னு சொல்லித் தொலையேன்டி!" வாசலுக்கு வெளியே ஒரு குரல் இடி மாதிரி கத்தியது. "ரெண்டு தரம் ரெட்டை வந்தாச்சு! அடுத்தது ஒத்தைதான்! காலையிலேர்ந்து கேட்டுக்கிட்டே கிடக்கேன், இதுகூடத் தெரியலையா உனக்கு!"

நரி! பிள்ளைகள் அலறி தாத்தாவின் வயிற்றுக்கடியில் புகுந்துகொண்டன.

அடுத்த நொடி வரப்புக்கு அந்தப் பக்கம் நாய்கள் குரைத்தன. நரிக்கு அப்போதுதான் சுயநினைவு வந்தது. வாலைச் சுருட்டிக்கொண்டு எடுத்தது பார் ஓட்டம்! நாய்கள் வாய்க்கால் வரை விரட்டிவிட்டுக் கிடைக்குத் திரும்பின.

கொஞ்ச நேரத்தில், வாயில் நெற்கதிரோடு மொச்சை உள்ளே வந்தாள். கதிரைக் கீழே போட்டாள்.

"அப்பா, இன்னும் பத்தடி வந்திருந்தா நான் இல்ல! வேர் மறைவுல அது படுத்திருந்தது எனக்குத் தெரியவே இல்ல. திடீர்னு கத்துச்சு. அப்படியே புல்லுக்குள்ள பதுங்கிட்டேன். அதுக்கு என்னப்பா ஆச்சு? எதுக்குக் கத்துச்சு?"

பொக்கையன் அவளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். மகளின் தலையைத் தடவித் தடவிப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் முட்டியது. அவருடைய இன்னொரு கை இன்னும் மூடியே இருந்தது.

"தாத்தா, கையைத் திறங்க!" என்று உலுக்கினாள் எள்ளு.

விரல்களை விரித்தார். எல்லோரும் எண்ணினார்கள். எட்டு.

"ரெட்டை! நரியும் அவுட்டு!" என்று மூன்றும் கும்மாளம் போட்டன.

பிள்ளைகளுக்கு வேண்டியது விலை கொடுத்து வாங்கிய பொம்மை அல்ல, ஒரு பிடி கொட்டையும் கூடவே உட்கார்ந்து விளையாட ஓர் ஆளும்தான். அப்படிப்பட்ட விளையாட்டு, வந்த பகையையும் தன் வேலையை மறக்கவைத்துவிடும்.