கறுப்புத் தாளுக்கு அடியில் இருந்த பெயர்

“மேடம், இந்த ஒரு கண்ணாடிச் சில்லை மட்டும் நீங்க பார்க்க வேண்டாம்” என்றான் பூவராகன்.

நுண்ணோக்கியின் முன் அமர்ந்திருந்த டாக்டர் தேவகிருபை தலையை உயர்த்தவில்லை.

“ஏன், உடைஞ்சு போச்சா?”

“இல்லை.”

“பேரை மறைச்சிருக்கா?”

“மறைச்சிருக்கு.”

“அப்புறம் என்ன? கொடு.”

மாணவன் கொடுக்கவில்லை.

மறதிநோயை ஆராயும் கூடம் அது. அந்நோயில் மூளைக்குள் புரதம் படிவுகளாகவும் முடிச்சுகளாகவும் சேரும். நோயுற்று மாண்டோரின் மூளையையும், நோயின்றி மாண்டோரின் மூளையையும் உற்றார் மனமுவந்து அங்கே அளிப்பார்கள். மெல்லிய மூளைச் சீவலைத் தாங்கிய ஒவ்வொரு கண்ணாடிச் சில்லிலும், பெயரின் மீது கறுப்புத் தாள் ஒட்டப்பட்டிருக்கும். யாருடையது என்று அறிந்தவர் அச்சில்லைப் பார்த்து முடிவு சொல்லலாகாது. கண் கண்டதை விட்டுவிட்டு, மனம் எதிர்பார்த்ததை வாய் சொல்லிவிடும் அல்லவா? அந்நெறியை வகுத்தவர் தேவகிருபையே.

“தாளைத் தூக்கிப் பார்த்துட்டியா?”

பூவராகன் தலைகுனிந்தான்.

“சரி, நீ கெட்டுப் போயிட்ட. நான் இன்னும் கெடல. கொடு இப்படி.”

வாங்கிப் பொருத்தினார். நெடுநேரம் நோக்கினார்.

“எழுது. படிவுகள் மிக அடர்த்தி. முடிச்சுகள் எங்கும். முற்றிய மறதிநோய். பாவம், கடைசிக் காலத்துல பெத்த பிள்ளையைப் பார்த்தே யார்னு கேட்டிருப்பார்.”

பேனா அசையவில்லை.

“என்னப்பா, எழுதலையா?”

பூவராகன் சில்லை எடுத்தான். தாளை உரித்தான். அவர் கையில் வைத்தான்.

சங்கரலிங்கம் என்றிருந்தது.

ஆண்டுதோறும் நினைவுச் சோதனைக்குத் தாமே வந்து அமர்ந்த முதிய வக்கீல் அவர். மூன்று சொற்களைக் கூறிச் சற்றுப் பொறுத்துத் திருப்பிக் கேட்பது அச்சோதனையின் முறை. அவர் மூன்றையும் சொல்லிவிட்டு, “போன வருஷம் குடை, தாமரை, சுத்தியல். அதையும் சொல்லட்டுமா? என்ன டாக்டரம்மா, சாட்சியைக் கூப்பிட்டு வச்சு இவ்வளவு லேசாவா விசாரிக்கிறது?” என்று நகைப்பார். இறப்பதற்கு முந்திய நாளும் படுக்கையில் கிடந்தபடியே, பேரனின் கல்யாணப் பத்திரிகையில் விடுபட்ட உறவினரைப் பெயர் பெயராகச் சொல்லிச் சண்டையிட்டவர்.

தேவகிருபை அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படிவு மிகுந்தால் நினைவு அழியும். மூளையைப் பார்த்தே மறதியை அளந்துவிடலாம். இதுவே அவருடைய வாழ்நாள் கொள்கை. அதற்காகவே மறுநாள் அவருக்குப் பாராட்டு விழா. பூவராகனின் முனைவர் பட்ட ஆய்வும் அக்கொள்கையின் மீது எழுந்ததே.

“ஒரே ஒரு சில்லு, மேடம்” என்றான் அவன். “அலமாரியில் இருக்கட்டும். நாளைக்கு விழா நல்லபடியா முடியட்டும். யாருக்கும் தெரியாது.”

“உனக்குத் தெரியுமே.”

“நான் வாயைத் திறக்க மாட்டேன்.”

“வக்கீலுக்குத் தெரியுமே.”

“அவர்தான் போயிட்டாரே!”

“எங்க போனார்? இங்க உக்காந்து என்கிட்ட வாதாடிட்டு இருக்கார், பார்க்கலையா நீ?”

சில்லை மீண்டும் பொருத்தினார். மீண்டும் குனிந்தார். இம்முறை இன்னும் மெதுவாக, ஓரத்திலிருந்து ஓரம்வரை நோக்கினார். பிழை ஏதேனும் அகப்பட்டுவிடாதா என்று மாணவன் வேண்டிக்கொண்டான்.

“அதேதான்” என்றார். “தப்பே இல்லை. முடிச்சுக்கு முடிச்சு அப்படியே இருக்கு.”

“மேடம், அப்படின்னா உங்க கொள்கை விழுந்துடுமே!”

“ஆமாம்.”

“இத்தனை வருஷ உழைப்பு?”

அவர் நிமிர்ந்தார். அழுதிருப்பார் என்று அஞ்சிய பூவராகன், அவருடைய முகத்தைக் கண்டு திகைத்தான். பந்தயத்தில் வென்ற சிறுமியின் முகம் அது.

“வெளியில கூடத்துல யார் உக்காந்திருக்காங்க?”

“நோயாளிகள். கூட வந்தவங்க.”

“படிவு சேர்ந்துடுச்சு, இனி வழியில்லைன்னு அவங்களுக்கெல்லாம் யார் சொன்னது?”

“நாமதான்.”

“நான்தான்” என்று திருத்தினார். “நாளைக்கு என் படத்துக்குப் பதிலா இந்தச் சில்லைத் திரையில போடச் சொல்லு. இதைப் பார்த்து மறதின்னு தப்பா முடிவு கட்டிட்டேன்னு எல்லார் முன்னாடியும் சொல்லணும்.”

“மேடம், உங்களுக்கு வருத்தமே இல்லையா?”

“வருத்தமா?”

அவனுடைய தோளைப் பற்றி இழுத்து, நுண்ணோக்கியின் முன் அமர்த்தினார்.

“நல்லாப் பாரு. இவ்வளவும் இருந்தும் அந்த மனுஷனுக்கு மறக்கலையே, பூவராகா!”