பனங்காட்டு வீட்டில் ஓர் இரவு

தென்னந்தோப்புகள் சூழ்ந்த மணற்குடியில் நாகனார் என்றோர் அடியார் இருந்தார். ஈர்க்கு சீவித் துடைப்பம் கட்டுவது அவர் தொழில். ஒவ்வொரு கட்டையும் ஐந்தெழுத்தை ஒருமுறை சொல்லியே இறுக்குவார். ஆண்டு முழுதும் நல்ல ஈர்க்குகளாகத் தேர்ந்து எடுத்துவைத்து, மார்கழித் திருவாதிரைக்கு வெண்கரைநாதர் கோயில் முற்றத்துக்கென்று ஒரு சுமை துடைப்பம் தலையில் கொண்டுபோவார்.

"சாமிக்குப் பூக் கொண்டுபோகிறவனைப் பார்த்திருக்கிறோம், விளக்குமாறு கொண்டுபோகிறவனை இப்போதுதான் பார்க்கிறோம்" என்று ஊரார் சிரிப்பார்கள். நாகனாரும் கூடச் சிரிப்பார்.

கோயில் மூன்று நாள் நடை. இடையில் இரண்டு இரவுகள் யார் வீட்டிலாவது தங்கியாக வேண்டும். அதில்தான் அவருக்குப் பெருங்கூச்சம். 'வா' என்று சொல்லாத இடத்தில் காலெடுத்து வைக்கமாட்டார். பானையின் அடியில் அகப்பை உரசும் ஓசை கேட்டால், வயிறு நிறைந்துவிட்டது என்று எழுந்துவிடுவார். விடியலில் வீட்டாருக்கு ஒரு குடம் நீராவது இறைத்து வைத்து, அவர்கள் விழித்தபின் முகம் பார்த்து விடைபெற்றே கிளம்புவார்.

ஓராண்டு இரண்டாம் நாள் மாலையில் மழை பிடித்துக்கொண்டது. முன்னே ஓடையில் வெள்ளம். எதிரே மாடுகளை ஓட்டி வந்த ஒருவர், "பனங்காட்டில் ஒரு வீடு உண்டு. அங்கே மட்டும் தங்கிவிடாதீர். ஐந்து நாளாக அந்த வீட்டில் விளக்கு எரியவில்லை" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராமல் போனார். ஆனால் இருள் கவிந்தபோது கண்ணுக்கெட்டிய தூரத்தில் வேறு கூரையே இல்லை.

அந்தி நேரத்தில் துடைப்பத்தோடு பிறர் வீட்டுக்குள் நுழைவது ஆகாது என்று, சுமையைப் பனையடியில் இறக்கிவைத்துவிட்டு வாசலில் நின்று குரல் கொடுத்தார். கதவு உடனே திறந்தது, அவர் வரவுக்கே காத்திருந்ததுபோல. வீட்டுக்காரன் காரி, "வாரும்" என்றான், முகத்தைப் பார்க்கவில்லை. அவன் மனைவி வெள்ளச்சி கஞ்சி வார்த்தாள். அகப்பை உரசியது, நாகனார் பாதியில் கையலம்பினார். உள்ளறையில் யாரோ முனகினார்கள். கொல்லையில் காரி அரிவாளைத் தீட்டும் ஓசை நெடுநேரம் கேட்டது.

ஒரு மூலையில் படுத்தவருக்கு உறக்கம் வரவில்லை. வெள்ளச்சி வந்து குனிந்தாள்.

"ஐயா, பின்கதவைத் திறந்து வைத்திருக்கிறேன், ஓடிவிடுங்கள். மகளுக்குக் கொடுங்காய்ச்சல். தானாக வாசல் தேடி வரும் அந்நியனைக் காட்டுத் தெய்வத்துக்குக் காவு கொடுத்தால் பிழைப்பாள் என்று குறிகாரன் சொல்லிவிட்டான்."

நாகனார் எழுந்து உட்கார்ந்தார். கேட்டார்: "நான் ஓடினால், கதவைத் திறந்தது யாரென்று அவர் கேட்பாரே அம்மா?"

அவள் பதில் சொல்லுமுன் வாசலை மறித்துக்கொண்டு காரி நின்றான். கையில் அரிவாள்.

நாகனார் எழுந்து கைகூப்பினார். "ஐயா, இந்த உயிர் வெண்கரைநாதருடையது, கொடுக்க எனக்கு உரிமையில்லை, உம்மைத் தடுக்க வலுவுமில்லை. விடியும்வரை குழந்தையின் அருகில் இருக்க மட்டும் விடும். பிறகு உம் விருப்பம்."

காரி உள்ளறையைத் திரும்பிப் பார்த்தான். பிறகு விலகி வழிவிட்டான்.

ஏழு வயதுப் பெண், அனலாய்க் கிடந்தாள். நாகனார் அழுக்குத் துணியை மாற்றினார். தம் மேல்துண்டைக் கிழித்து நனைத்து நெற்றியில் இட்டார். ஆறிய வெந்நீரைத் துளித்துளியாக வாயில் விட்டார். முதுகுக்குப் பின்னால் அரிவாளை மடியில் கிடத்தி அமர்ந்திருந்தான் தகப்பன். அவன் அசையும்போதெல்லாம் அடியாரின் பிடரி கூசியது. ஐந்தெழுத்தை மட்டும் அவர் விடவில்லை. நள்ளிரவுக்குமேல் குழந்தையின் மூச்சு ஒருகணம் நின்றதுபோலிருந்தது, காரி எழுந்துவிட்டான். மீண்டும் மூச்சு வந்தது, அவனும் அமர்ந்தான்.

கிழக்கு வெளுக்கையில் குழந்தைக்கு வியர்த்துக் கொட்டியது. கண் திறந்து, "அம்மா, பசிக்குது" என்றாள்.

அரிவாள் நழுவித் தரையில் விழுந்தது. காரி வாய்விட்டு அழுதான். நாகனாரோ வெள்ளச்சியைப் பார்த்து, "ஐந்து இரவாகக் கண் மூடாதிருப்பாய் அம்மா. நீ சற்று உறங்கி எழு, அதன்பின் நான் விடைபெறுகிறேன்" என்றார். கோயில் விழாவுக்கு நேரமாகிறதே என்று அவர் உள்ளம் தவித்தது; ஆயினும் இருந்தார்.

வெள்ளச்சி உறங்கி எழுகையில் பொழுது சாய்ந்திருந்தது; அப்போது மேளம் கேட்டது. வெள்ளம் வடிந்த ஓடையைக் கடந்து வெண்கரைநாதர் கோயில் அர்ச்சகர், தட்டில் பரிவட்டம் ஏந்தி வந்துகொண்டிருந்தார்.

"இரவு கனவில் பெருமான் வந்தார். 'எம் அடியான் நாகன் பனங்காட்டில் ஒரு குழந்தையருகே விழித்திருக்கிறான். யாமும் அவனோடு அங்கே தங்கினோம். எம் தலைப் பரிவட்டத்தை அவனுக்குக் கட்டி அழைத்து வா' என்றார். இங்கே இரவு என்ன நடந்தது, சுவாமி?"

காரி தலை கவிழ்ந்து நின்றான்.

நாகனார் சொன்னார்: "குழந்தைக்குக் காய்ச்சல். இந்த வீட்டார் மழைக்கு இடம் கொடுத்தார்கள், இருந்த கஞ்சியை எனக்கு வார்த்தார்கள். வேறொன்றும் நடக்கவில்லை."

அதைக் கேட்டுப் பொறுக்கமாட்டாமல் காரியே அவர் காலில் விழுந்து, நடந்ததை எல்லார் முன்னும் சொன்னான். அவன் வாயால் சொன்னதாலேயே நமக்கு இது தெரியவந்தது. உண்ட வீட்டின் குறையை இறைவன் திருமுன்னிருந்து வந்தவர்களிடத்தும் உரைக்காத நாகனாரின் பெருமை நம் நாவில் என்றும் இனிப்பதாகுக.