சுத்தமான கோடு

பெலிக்ஸ் மரியநாதன் கல்லூரி ஆசிரியர். நாற்பத்தாறு வயதில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தார். அவருடைய கைடு வசுந்தராவுக்கு அவரைவிட ஒன்பது வயது குறைவு. இவர் அவரை மேடம் என்பார். அவர் இவரை சார் என்பார்.

மருந்து பட்டதும் செல்லின் சவ்வில் உள்ள வாயில் மூடிக்கொள்கிறது. நான்கு வருடங்களில், இருநூற்றுப் பன்னிரண்டு செல்களில், பெலிக்ஸ் கண்டது இது. திரையில் நேர்கோடு வந்தால் மின்னோட்டம் இல்லை, வாயில் மூடிவிட்டது என்று பொருள். வியாழக்கிழமை ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். திங்கள்கிழமை காலை வசுந்தரா ஒரு வரி சேர்க்கச் சொன்னார். செல்லின் மின்னோட்டத்தை அளக்கும் பேட்ச் கிளாம்ப் ஆம்ப்ளிஃபையர் எவ்வளவு வேகமான மாற்றம் வரை காட்டும் என்ற வரி.

"நாலு வருஷமா ஓடுற மெஷின் மேடம். கல்யாணத்துக்கு மூணு நாள் இருக்கும்போது ஜாதகம் பாக்கிற மாதிரி இருக்கு."

"பாத்துடுவோம் சார். நீங்க எப்பவும் வைக்கிற மாதிரியே வைங்க."

பெலிக்ஸ் மெஷினில் இரைச்சலை வடிகட்டும் ஃபில்டர் குமிழை இடது கோடி வரை திருப்பினார்.

"ஏன் அங்க?"

"அப்பதான் இரைச்சல் போய் கோடு சுத்தமா வருது."

வசுந்தரா, செல்லுக்குப் பதிலாக மின் அலைகளை அனுப்பும் சிக்னல் ஜெனரேட்டரை இணைத்தார். நொடிக்குப் பத்து அலை அனுப்பினார். திரையில் அப்படியே வந்தது. ஐந்நூறு அனுப்பினார். அலை குள்ளமானது. இன்னும் கூட்டினார். திரையில் நேர்கோடு.

"இப்ப அலை போகுதா, நிறுத்திட்டேனா?"

"நிறுத்திட்டீங்க."

வசுந்தரா ஜெனரேட்டரை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். நொடிக்கு மூவாயிரம் அலை போய்க்கொண்டிருந்தது.

பெலிக்ஸ் அதையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அப்ப வாயில் மூடலையா?"

"மூடியிருக்கலாம். படபடன்னு திறந்து திறந்து மூடியிருக்கலாம். ஃபில்டர் இங்க இருந்தா ரெண்டுக்கும் இந்த மெஷின் இதே கோட்டைத்தான் போடும்."

"ஃபில்டரைத் திறந்து வச்சு பழைய பதிவை மறுபடி ஓட்டினா?"

"ஃபில்டரைத் தாண்டினதுதான் சார் பதிவாகியிருக்கு."

வராந்தாவில் யாரோ வாளியை வைத்துவிட்டுப் போனார்கள்.

"வருஷா வருஷம் நீங்களும் பாத்தீங்களே மேடம்."

"பாத்தேன். இவரு கோட்டைப் பாருங்கன்னு மத்த பசங்களுக்கு வேற காட்டினேன்."

பெலிக்ஸ் இடது கோடியில் நின்ற குமிழைத் தொட்டுப் பார்த்தார். கேட்டபோது குரல் தாழ்ந்திருந்தது.

"இருநூத்திப் பன்னெண்டுல ஒண்ணாவது திறந்திருக்குமா? அதை மட்டும் சொல்லுங்க."

"ஒரு செல் நம்ம கையில அரை மணி நேரம்தான் சார் உயிரோட இருக்கும். சொல்ல வேண்டியதை அப்பவே சொல்லியிருக்கும்."