திருப்பி வைத்த கண்ணாடி

பொற்கொடி ரப்பரை அழுத்தித் தேய்த்ததில் காகிதம் கிழிந்தே போய்விட்டது. காலையிலிருந்து இது எத்தனையாவது காகிதமோ! குப்பைக்கூடை நிரம்பி வழிந்தது.

அவள் வரைய வேண்டியது ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. அவள் ஆபீசில் எடுத்துக்கொண்டிருந்தது பேய்க் கார்ட்டூன் படம். அதில் ஒரு பெண் கண்ணாடி முன்னால் நிற்கிறாள். அவள் சும்மா நிற்க, கண்ணாடிக்குள் இருப்பவள் மட்டும் சிரிக்கிறாள். அவ்வளவுதான் காட்சி. பொற்கொடியே கேட்டு வாங்கிய காட்சி. சாயங்காலத்துக்குள் முடிக்காவிட்டால் அது கூட வரைகிற சபியாவுக்குப் போய்விடும்.

சபியாவுக்கா? நினைத்தாலே பொற்கொடிக்கு வயிறு எரிந்தது. போன வாரம் சபியா வரைந்த கிணற்றுப் பேயைத் திரையில் பார்த்து ஆபீசே அலறியது. தலைமை ஓவியர் இருதயராஜ் மாஸ்டர் எழுந்து நின்று கைதட்டினார். அன்றிலிருந்து தான் போடுகிற ஒரு கோடுகூடப் பொற்கொடிக்குப் பிடிக்கவில்லை.

அதைவிடக் கொடுமை ஒன்று இருந்தது. கண்ணாடிக்குள் இருப்பவளை எப்படி வரைந்தாலும் சபியாவாகவே வந்தாள். அதே மூக்கு, அதே தூக்கிய புருவம். அழித்தால், அழித்த தடத்திலிருந்தும் அவளே எட்டிப் பார்த்தாள். கடைசியாக வந்தவள் பொற்கொடியைப் பார்த்துச் சிரித்தே விட்டாள். பொற்கொடி பென்சிலைப் போட்டுவிட்டு மாஸ்டரிடம் ஓடினாள்.

"மாஸ்டர், எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும் போலிருக்கு. எதை வரைஞ்சாலும் அவ மூஞ்சிதான் வருது."

"யார் மூஞ்சி?"

பொற்கொடி பின்வரிசைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சரி விடு. காட்சியை சபியாகிட்ட கொடுத்துடவா?"

"வேணாம் மாஸ்டர்! செத்தாலும் நான்தான் வரைவேன்."

மாஸ்டர் எழுந்து வந்து அவள் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அந்த ஆபீசில் ஒவ்வொரு மேசையிலும் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி உண்டு. அழுகையோ பயமோ, முதலில் தன் முகத்தில் வரவழைத்துப் பார்த்துத்தான் வரைவார்கள். மாஸ்டர் நிமிர்ந்து பொற்கொடியின் கண்ணாடியைப் பார்த்தார். அதில் அவர் முகம் தெரியவில்லை. பின்வரிசையில் இருந்த சபியா தெரிந்தாள். தன் கண்ணாடி முன்னால் உதட்டைக் கோணிக்கொண்டு, கண்ணைப் பிதுக்கிக்கொண்டு, பார்க்கச் சகிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"இது எப்ப அந்தப் பக்கம் திரும்பிச்சு?" என்றார் மாஸ்டர்.

"போன வாரம். அவ என்னதான் பண்றான்னு பார்க்கலாம்னு..." பொற்கொடி தலையைக் குனிந்துகொண்டாள்.

மாஸ்டர் திட்டவில்லை. எழுந்து நாற்காலியை அவளுக்கு விட்டார். பொற்கொடிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் உட்கார்ந்தாள். கண்ணாடியைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

ஐயோ! கண் சிவந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, யாரோ ஒருத்தி உள்ளே இருந்தாள். பொற்கொடி அவசர அவசரமாக முடியை ஒதுக்கி, முகத்தைச் சரிசெய்துகொண்டாள்.

"ஏன் மாத்தறே?"

"பார்க்கவே அசிங்கமா இருக்கே மாஸ்டர்."

மாஸ்டர் அவளுடைய ரப்பரை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"நாம என்ன கல்யாண ஆல்பமா போடறோம்? பேய்ப் படம்தானே எடுக்கறோம். மூஞ்சியைப் பழையபடி வச்சுக்க. வரை."