நாணல்திட்டுக்குப் போன நாற்பது மூட்டை

கொள்ளிடக் கரையில் நெடும்படித்துறை என்ற ஊரில் ஏறனார் என்று ஓர் அடியார் இருந்தார். படகுகளில் மூட்டை ஏற்றுவது அவருடைய தொழில். சுமை தூக்கித் தூக்கிப் பிடரி காய்த்துப் போயிருந்தது. எழுத்து தெரியாது. பதிகம் எதையும் முழுதாகப் பாடவும் வராது. அவருக்கு வந்தது ஐந்தெழுத்து ஒன்றுதான். நாள்தோறும் விடிந்ததும், கூலி வேலைக்குப் போகுமுன், துறைநாதர் கோயில் மடைப்பள்ளிக்குரிய நெல் மூட்டையைத் தாமே சுமந்து செல்வார். அடிக்கு ஓர் எழுத்தாகச் சொல்லிக்கொண்டு நடப்பார். மூட்டையை வாசலில் இறக்கிவிட்டு, உள்ளே எட்டிப் பார்த்துக் கும்பிட்டுத் திரும்புவார். அதற்கு அவர் கூலி வாங்கியதில்லை.

“இவரு தூக்கலேன்னா சாமி பட்டினிதான்!” என்று சக சுமைகாரர்கள் கேலி செய்வார்கள். ஏறனாரும் சேர்ந்து சிரிப்பார்.

நெடும்படித்துறைக்குக் கீழே ஆற்றோடு ஐந்து துறைகள் இருந்தன. கடைசியில் இருந்தது நாணல்திட்டு. ஒவ்வொரு துறைக்கும் மூட்டையின் வாய்க்கட்டில் ஒரு தனி முடிச்சு உண்டு. படிக்கத் தெரியாதவர்கள் ஏற்படுத்திக்கொண்ட முகவரி அது. நாணல்திட்டுக்கு இரட்டைச் சுருக்கு. துறைநாதருக்கு ஐந்து சுற்று. அவர் பொருளை அவர் ஆணையின்றி யாரும் அவிழ்க்கக் கூடாது. நெல்லைக் கொட்டிக்கொண்டவர்கள் காலிக் கோணியைச் சுருட்டி, தங்கள் முடிச்சைப் போட்டுத் திருப்பி அனுப்புவது வழக்கம். எந்தச் சரக்கு எங்கே போய்ச் சேர்ந்தது என்பதைக் கோணியே வந்து சொல்லிவிடும்.

ஓர் ஐப்பசியில் கொள்ளிடம் உடைத்துக்கொண்டது. வயல், வழி, வீடு எல்லாம் நீராயிற்று. அரசன் களஞ்சியத்தைத் திறந்துவிட்டான். நெல்லும் அரிசியும் நெடும்படித்துறையில் மலையாகக் குவிந்தன. குறைவில்லாமல் கொடுத்தார்கள், அதைச் சொல்லியே ஆக வேண்டும். கண்காணியான மழவராயர் முன்நின்று படகுகளை அனுப்பினார். முதல் படகு போய் வந்தது. இரண்டாவதும் போய் வந்தது. போன கோணிகள் அத்தனையும் திரும்பின.

ஏறனார் அந்தக் கோணிகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். முதல் நான்கு துறைகளின் முடிச்சுகள் இருந்தன. இரட்டைச் சுருக்கு ஒன்றுகூட இல்லை.

கண்காணியிடம் ஓடினார். “ஐயா, நாணல்திட்டுக்கு ஒரு மணி நெல்லுகூடப் போகலீங்க.”

“போன கோணி எத்தனை, வந்த கோணி எத்தனை? எண்ணிக்கை சரியா இருக்கா, இல்லையா?”

“சரியாத்தான் இருக்குங்க. முடிச்சு இல்லீங்களே.”

“கோணியைப் பார்த்து ஜோசியம் சொல்ற ஆளை இப்பத்தான்யா பார்க்கறேன்” என்றார் மழவராயர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் கெட்டவர் அல்லர். மூன்று நாளாக உறங்காதவர். எண்ணிக்கை சரியாக இருந்ததில் நிம்மதி அடைந்திருந்தவர். படகோடு காவலுக்கு ஆள் அனுப்பும்படி ஏறனார் கேட்டபோது, இருந்த ஆட்களையெல்லாம் உடைப்பை அடைக்க அனுப்பிவிட்டதாகச் சொன்னார். அதுவும் உண்மைதான்.

படகோட்டி கூத்தன் நடந்ததைச் சொன்னான். “என்ன செய்யச் சொல்றீங்கண்ணே? கடைசித் துறைச் சரக்கு அடியில கிடக்கு. ஒவ்வொரு துறையிலயும் இடுப்பளவுத் தண்ணியில இறங்கி வந்து படகைப் பிடிச்சுக்கறாங்க. பிள்ளையத் தூக்கிக் காட்டறாங்க. நான் என்ன துடுப்பால அடிக்கவா? நாலாந்துறை தாண்டறப்போ படகு காலி. வெறும் படகை எதுக்கு ஓட்டணும்னு திரும்பிட்டேன்.”

நாணல்திட்டில் அறுபது வீடுகள். ஐந்து நாளாக அவர்களுக்கு ஒன்றும் போகவில்லை.

மூன்றாம் படகில் நாணல்திட்டுக்கு என்று நாற்பது மூட்டை ஒதுக்கப்பட்டது. ஏறனார் அவற்றின் முன் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு கயிற்றை எடுத்து, நாற்பதுக்கும் துறைநாதரின் ஐந்து சுற்று முடிச்சைப் போட்டார். சாமியின் முடிச்சைச் சாமிக்கல்லாத சரக்கில் போட்டால் கோயில் வாசலை மிதிக்க முடியாது. அது அவருக்குத் தெரியும். யாரிடமும் அவர் அனுமதி கேட்கவில்லை. சுமையோடு தாமும் கூத்தனின் படகில் ஏறிக்கொண்டார்.

முதல் துறையில் மக்கள் படகைப் பிடித்தார்கள். தங்களுக்குரியதை இறக்கிக்கொண்டு, அடியில் கிடந்ததை இழுத்தவர்கள் முடிச்சைக் கண்டதும் கையை எடுத்துக்கொண்டார்கள். “இது யாருது?” என்று ஒருவர் கேட்டார். “நாதனோடது” என்றார் ஏறனார். எல்லாமே அவனுடையதுதான் என்பதால் அதைப் பொய் என்று அவர் நினைக்கவில்லை. ஆனாலும் சொல்லும்போது நாக்கு தடுமாறியது. மற்ற துறைகளிலும் அப்படியே ஆயிற்று. பசியால் வாடிய அந்த மக்கள் கும்பிட்டு வழிவிட்டார்கள். மூன்றாம் துறையில் ஒரு சுமைகாரர், துடுப்புப் போட உதவுவதாகச் சொல்லி ஏறிக்கொண்டார். அவருக்கும் பிடரி காய்த்திருந்தது.

நாணல்திட்டில் மேடு மட்டும் நீருக்கு மேலே தெரிந்தது. அதன் உச்சியில் ஒரு சிறிய செங்கல் கோயில். அதைச் சுற்றி ஊர் முழுவதும் ஒடுங்கியிருந்தது. நிற்க முடிந்தவர்கள் வந்து நாற்பது மூட்டைகளையும் இறக்கினார்கள். இறக்கி, கோயில் முன்னால் அடுக்கினார்கள். அடுக்கிவிட்டு விழுந்து கும்பிட்டார்கள். ஒருவரும் முடிச்சில் கை வைக்கவில்லை.

“அவிழ்த்துச் சமைங்கம்மா” என்றார் ஏறனார்.

அந்தக் கோயிலுக்கு விளக்கேற்றும் நங்கை என்பவள் திகைத்துப் போனாள். அவள் இடுப்பில் இருந்த குழந்தை அழவும் தெம்பில்லாமல் கிடந்தது. “சாமி சொத்துங்களே! இதைத் தின்னுட்டு எந்த முகத்தோட விளக்கேத்துவேன்?”

“உங்களுக்கு வந்ததுதாம்மா. முடிச்சு நான் போட்டது.”

“போட்டது நீங்க. பொருள் யாருதுன்னு நாலு துறையிலயும் சொன்னீங்களாமே?” கூத்தன் வந்ததும் பெருமையாகச் சொல்லியிருந்தான்.

ஏறனார் தாமே மூட்டையிடம் போனார். அவிழ்க்கக் கை நீட்டினார். ஊரார் குறுக்கே வந்து விழுந்தார்கள். நாற்பது மூட்டை அரிசிக்கு முன்னால் அறுபது வீட்டார் பட்டினி கிடந்தார்கள். அடியவருக்கு அழுகை வெடித்தது. “நாதா! உன் பேரைச் சொல்லித்தான் இம்புட்டு தூரம் கொண்டாந்தேன். இப்ப உன் பேரே வழிய மறிக்குதே!”

துடுப்புப் போட்ட சுமைகாரர் அதுவரை படகருகே நின்றவர், மேலே ஏறி வந்தார்.

“இந்த முடிச்சை யாரு அவிழ்க்கலாம்?” என்று கேட்டார்.

“நாதன்தான்” என்றாள் நங்கை.

“அப்ப தள்ளும்மா.”

பேச்சு அவ்வளவுதான். விறுவிறுவென்று நாற்பதையும் அவிழ்த்தார். மடைப்பள்ளியைச் சேர்ந்தவர் போலும் என்று ஊரார் எண்ணினார்கள். அந்தக் குரலை மறுக்க யாருக்கும் தோன்றவில்லை. கயிறுகளையெல்லாம் தோளில் போட்டுக்கொண்டு அவர் இறங்கிப் போனார். படகுக்கு அவர் திரும்பவே இல்லை. யாரும் அப்போது அதைக் கவனிக்கவில்லை. கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது.

ஏறனார் காலிக் கோணிகளோடு ஊர் திரும்பியபோது செய்தி முன்னால் வந்திருந்தது. மழவராயர் கோயிலாரோடு துறையிலேயே நின்றிருந்தார். “சாமி முடிச்சைப் போட்டியா?” “போட்டேனுங்க.” “சரக்கு நாணல்திட்டுக்குப் போனதுக்கு அடையாளம்?” கோணிகளில் கயிறே இல்லை. கூத்தன் சொன்ன சாட்சியும் எடுபடவில்லை. இனி மடைப்பள்ளி மூட்டையைத் தொடக் கூடாது, கோயில் வாசலை மிதிக்கக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. கேலிக்கெல்லாம் சிரித்தவர், அன்றுதான் சிரிக்கவில்லை.

மறுநாள் விடிந்தது. மடைப்பள்ளி நெல்லை வேறொருவர் சுமந்து போனார். ஏறனார் துறையில் நின்றபடியே, தூரத்துக் கோபுரத்தைப் பார்த்து ஐந்தெழுத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். தோள் வெறுமையாக இருந்தது அவருக்குப் பொறுக்கவில்லை.

கோயிலில் கருவறைக் கதவைத் திறந்த குருக்கள் கூவிவிட்டார். துறைநாதரின் பீடத்தைச் சுற்றி ஆற்று மணல் அப்பிய ஈரக் கயிறுகள் கிடந்தன. ஒவ்வொன்றும் ஒழுங்காகச் சுருட்டப்பட்டிருந்தது. ஒவ்வொன்றிலும் இரட்டைச் சுருக்கு இருந்தது.

மழவராயர் வந்து மண்டியிட்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். நாற்பது இருந்தன. “எண்ணிக்கை சரியா இருக்கு” என்றார். எழுந்து துறைக்கு ஓடினார். மறுநாளுக்குரிய மடைப்பள்ளி மூட்டையை இரு கைகளாலும் தூக்கி, ஏறனாரின் தோளில் தாமே ஏற்றிவைத்தார்.

அன்று முதல் அந்த ஆற்றில் வெள்ளம் வந்தால், முதல் படகு நில்லாமல் கடைசித் துறைக்குப் போகும். மற்ற துறைகளில் நிற்பவர்கள் கும்பிட்டு வழிவிடுவார்கள். இறைவனையே தமக்குச் சக சுமைகாரராகப் பெற்ற ஏறனாரின் காய்த்த தோள்களை நாமும் கும்பிடுவோம்.