இறாலிடம் பறித்த மீசை

அந்தக் காலத்தில், மீனுக்கும் மனிதனுக்கும் பேச்சு ஒன்றாக இருந்தபோது, கெண்டைக்கு மீசை கிடையாது. கெளுத்திக்கு இருந்தது, இறாலுக்கு இருந்தது. கெண்டையின் வாய் மட்டும் வழவழவென்று, எண்ணெய் தடவிய கிண்ணம் மாதிரி இருக்கும்.

பொருநை ஆற்றில், மருத மரங்கள் குனிந்து நிற்கிற ஒரு வளைவில், ஒரு கசம் இருந்தது. கசம் என்றால் ஆள் மூழ்குகிற மடு. அதில் செவ்வாலி என்று ஒரு கெண்டை குடியிருந்தாள். வால் சிவந்திருந்ததால் அந்தப் பெயர். புருஷன், கொழுந்தன், இரண்டு பையன்கள், கடைக்குட்டியாகப் பொடிச்சி என்று ஒரு பெண். நிறைந்த குடும்பம்தான்.

செவ்வாலிக்கு ஒரு குணம். யாரையும் நம்பமாட்டாள். ஆமை அந்தப் பக்கம் வந்தால், எதை மோப்பம் பிடிக்க வந்தான் என்பாள். மீன்கொத்தி கிளையில் உட்கார்ந்தால், யாரிடம் சேதி சொல்லப் போகிறான் என்பாள். மேலே ஓர் இலை விழுந்தால்கூட அது எந்த மரத்து இலை, ஏன் இப்போது விழுந்தது என்று நின்று பார்த்துவிட்டுத்தான் நகருவாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவளுக்கு வெளிச்சத்திலும் பேய் தெரியும்.

அவள் நம்பியது ஒரே ஒருவனைத்தான். கூனன் என்ற இறால். முதுகு வளைந்த அப்பாவி. செதிலுக்கு அடியில் பாசி ஒட்டினால் மீசையால் தடவித் தடவிப் பார்த்து எடுத்துவிடுவான். 'யக்கா' என்றுதான் கூப்பிடுவான். உடன்பிறந்தவன் இல்லாத செவ்வாலிக்கு அந்த வார்த்தை கேட்க நன்றாக இருந்தது.

ஒரு நாள் கரையில் ஒரு மனிதன் வந்து உட்கார்ந்தான். பெயர் சொள்ளமாடன். துணி நெய்கிறவன். தறி ஒடிந்து கிடந்ததால் வேலை இல்லை, வீட்டில் வயிற்றுப்பிள்ளைக்காரி மீன் குழம்புக்கு ஆசைப்பட்டாள். அதுவரை அந்த ஊரில் வலை போட்டவர்கள் உண்டு, தூண்டில் போட்டவர்கள் இல்லை. இவன் எங்கோ கேள்விப்பட்டதை வைத்து, கொல்லனிடம் ஒரு முள் வளைத்து வாங்கி, மூங்கில் கோலில் கயிறு கட்டி, மயிலிறகுத் தண்டை மிதப்பாகச் செருகி, மண்புழுவைக் கோர்த்துத் தண்ணீரில் விட்டான். கனம் இல்லாததால் ஆற்றோட்டம் புழுவைத் தூக்கி மேலே கொண்டுவந்துவிட்டது. மிதப்பு படுத்துக் கிடந்தது. மீன்கொத்திகூடச் சிரித்தது.

செவ்வாலி தலையை வெளியே நீட்டினாள்.

"ஏலே மனுசா, கயித்தையா துவைக்க?"

சொள்ளமாடன் திருதிருவென்று விழித்தான். உண்மையைச் சொன்னால் மீன் ஓடிவிடுமே. "உங்களுக்குத் தீனி போடலாம்னு வந்தேன் தாயி" என்றான்.

"தீனியா? மேல மிதக்குதது தீனியா? நாங்க கெண்டைலே. தரையில கிடக்குறதைத்தான் தொடுவோம். மிதக்குற எச்சிலைத் திங்க வேற ஆளைப் பாரு."

மறுநாள் அவன் ஈயம் பூசுகிறவரிடம் கேட்டு வாங்கிய பட்டாணி அளவு ஈயக்குண்டு ஒன்றைக் கொண்டுவந்தான். அதில் ஓட்டை போட்டுக் கயிற்றில் கோர்த்து, முள்ளுக்கு ஒரு சாண் மேலே முடிச்சுப் போட்டு நிறுத்தினான். ஆழம் பார்த்து மிதப்பை மேலே ஏற்றிக் கட்டினான். இப்போது புழு தரையில் போய்ப் படுத்தது.

செவ்வாலி விடுவாளா? "தரைக்கு வந்துட்டு, சரி. ஆனா அந்தக் கயிறு! தேர்வடம் மாதிரில்லா இருக்கு. வடத்துல கட்டித் தொங்கவிட்டா எவன் கிட்ட வருவான்?"

மூன்றாம் நாள் வடம் போய்விட்டது. தறியில் மிச்சமிருந்த மெல்லிய பட்டு நூலைக் கஞ்சி போட்டு முறுக்கி எடுத்து வந்திருந்தான். தண்ணீரில் விட்டால் இருக்கிற இடம் தெரியவில்லை.

"உன் நிழல் எங்க தலை மேல விழுதுலே கிறுக்கா. தள்ளிப் போயி மரத்து மூட்டுல உக்காரு."

அவன் பணிவாக எழுந்து மருத மரத்தின் அடிக்குப் போனான். செவ்வாலிக்குப் பெருமை தாங்கவில்லை. "சொன்ன பேச்சைக் கேக்குத மனுசன்" என்று புருஷனிடம் சொல்லிச் சிரித்தாள். ஆற்றில் உள்ள அத்தனை பேரையும் சந்தேகப்பட்டவள், சந்தேகப்பட வேண்டிய ஒருவனை மட்டும் விட்டுவிட்டாள். அடுத்தவர் போட்டதைத் தின்கிற பழக்கம் அவளுக்கு இல்லாததால் அவள் அந்தப் புழுவைத் தொடவில்லை. பிள்ளைகள் தொடலாமா என்று கேட்டதற்கு, "தொட்டா என்ன? அவன் கிறுக்கன்" என்றாள்.

அன்று மேற்கே மலையில் மழை. ஆறு செம்மண்ணாய்க் கலங்கி வந்தது. ஒரு முழத்துக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. மத்தியானம் பார்த்தால் மூத்தவனைக் காணோம்.

தேடினாள். வேர்ச் சந்தில் இல்லை, பாறை இடுக்கில் இல்லை. அவள் மேல்பக்கம் தேடிப் போன நேரத்தில் கொழுந்தனும் காணாமல் போனான். மறுநாள் இளையவன். அதற்கு மறுநாள் புருஷன். கூப்பிட்டால் 'ஓய்' என்று குரல் கொடுக்க அந்தக் கசத்தில் பொடிச்சியைத் தவிர ஆள் இல்லை. செவ்வாலி சாப்பாடு தண்ணி இல்லாமல் அழுதாள். அழுது முடித்ததும் யோசித்தாள். யோசித்ததுதான் வினையாகப் போயிற்று.

"நம்ம எங்க மேயுதோம், எப்படித் திங்கோம்னு தெரிஞ்ச எவனோதான் காட்டிக் குடுத்துருக்கான்" என்று அவளுக்குப் பட்டது.

முதலில் ஆமையிடம் போனாள். "மூணு நாளா உம்மைக் காணலயே, எங்க போனீரு வேய்?"

"முட்டை போட மணலுக்குப் போனேன் தாயி. என்னைப் பாத்து 'வேய்'ங்கிறியே, நான் பொம்பளை" என்று ஆமை ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டது.

அதிலும் செவ்வாலிக்குச் சந்தேகம்தான். ஒளிகிறவள் ஏன் ஒளிகிறாள்? நண்டைக் கேட்டாள். நண்டு கோபித்துக்கொண்டு கொடுக்கைத் தூக்கியது. அதுவும் சந்தேகம். கெளுத்தி பதிலே சொல்லவில்லை. அது இன்னும் பெரிய சந்தேகம். பொடிச்சியை வாலை விட்டு அகலாமல் கூடவே இழுத்துக்கொண்டு, யாரைப் பார்த்தாலும் முறைத்துக்கொண்டு, கலங்கல் தண்ணீரில் சுற்றிவந்தாள்.

காலை வெயில் ஏறுகிற நேரம். கசத்தின் நடுத்தரையில் யாரோ குனிந்து நிற்பது மங்கலாகத் தெரிந்தது. கிட்டப் போனாள். கூனன். அந்த மனிதனின் நூல் பக்கத்தில் நின்று, மீசையால் அதை மேலும் கீழும் தடவிக்கொண்டிருந்தான்.

அவளைப் பார்த்ததும் கூனன் பதறினான். "நான் ஒண்ணும் பண்ணல யக்கா!"

செவ்வாலிக்குச் சுருக்கென்றது. அவள் இன்னும் ஒன்றுமே கேட்கவில்லையே.

"எங்கப்பன் குதிருக்குள்ள இல்லங்கிற கதையால்லா இருக்கு. உன்னை யாருலே கேட்டா?"

"யக்கா, கோவப்படாத. நானும் நாலு நாளா யோசிச்சேன். கண்ணுக்குத் தெரியல, அதான் தொட்டுப் பாத்தேன். இந்தப் புழுவுக்குள்ள என்னமோ கெட்டியா இருக்கு. வளைஞ்சு, நுனி கூர்மையா. இதுதான் அத்தானைக் கொண்டுபோச்சு. பொடிச்சியை இதுகிட்ட விடாத."

நல்ல வார்த்தைதான். ஆனால் சந்தேகம் பிடித்தவள் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. ஊரில் யாருக்கும் தெரியாதது இவனுக்கு மட்டும் எப்படித் தெரியும்? இவன்தானே கரையோரம் புல்லுக்குள் போய்வருகிறவன்? இவன்தானே என் செதிலை எண்ணித் தடவி, நான் எங்கே மேய்கிறேன், என்ன தின்கிறேன் என்று அறிந்தவன்?

"உனக்கு எப்படிலே தெரியும்?"

"தொட்டுப் பாத்தேன்னேன்லா, யக்கா."

"உள்ள கெட்டியா இருக்குன்னு வச்சவனுக்குத்தான் தெரியும். இல்லைன்னா வைக்கச் சொன்னவனுக்குத் தெரியும். கூட இருந்து குழி பறிச்சிட்டியேலே பாவி!"

கூனன் வாயைத் திறப்பதற்குள் அவள் பாய்ந்துவிட்டாள். முகத்தில் கடித்து ஒரு இழுப்பு இழுத்தாள். நான்கு மீசைகள் வேரோடு அவள் வாய்க்கு வந்தன. கூனன் அவளையே பார்த்தபடி, வாலை அடித்து அடித்துப் பின்பக்கமாகவே போய்க் கலங்கலுக்குள் மறைந்தான்.

செவ்வாலி மீசையைத் துப்பினாள். வரவில்லை. மணலில் தேய்த்தாள். வரவில்லை. மேலுதட்டில் இரண்டு, கடைவாயில் இரண்டு என்று ஒட்டிக்கொண்டுவிட்டது. எப்படி ஒட்டும் என்று கேட்காதீர்கள். செய்த பழி செய்த இடத்திலேயே ஒட்டிக்கொள்கிற காலம் அது. இப்போது அந்த வசதி இல்லாமல் போனதால் பல பேர் முகம் பார்க்க நன்றாக இருக்கிறது.

மீசையோடு அவள் மல்லுக்கட்டிய அந்தக் கொஞ்ச நேரத்தில் பொடிச்சி நகர்ந்துவிட்டாள். நாலு நாள் பட்டினி. எதிரே கொழுத்த புழு.

"ஏட்டி பொடிச்சி!"

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. செவ்வாலி தரையோடு முட்டிக்கொண்டு பாய்ந்தாள். அப்போதுதான் அந்த மீசை வேலை செய்தது. முதலில் ஈயக்குண்டு தட்டுப்பட்டது. அடுத்து ஒரு சாண் நூல். அதன் முனையில் புழு. புழுவின் மெத்தென்ற உடம்புக்குள், குளிர்ந்து, வளைந்து, நுனி கூர்மையாக, கூனன் சொன்னது அப்படியே இருந்தது. பொடிச்சியின் உதடு அதன்மேல் படுவதற்கும் செவ்வாலி அவளை இடித்துத் தள்ளுவதற்கும் சரியாக இருந்தது.

மேலே மிதப்பு ஒரு ஆட்டம் ஆடியது. சொள்ளமாடன் ஆவலில் வெடுக்கென்று இழுத்தான். வெறும் முள் வந்தது.

செவ்வாலி தண்ணீருக்கு மேலே வந்தாள்.

"சொல்லு. எங்க வழக்கத்தை எவன் உனக்குச் சொன்னான்? கூனனா? ஆமையா? நண்டா?"

சொள்ளமாடன் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தான்.

"நீதான தாயி சொன்ன."

"நானா?"

"தரையில போடுன்ன. ஈயம் கட்டினேன். கயிறு தடிமன்ன. நூலை மாத்தினேன். நிழல் விழுதுன்ன. இங்க வந்து உக்காந்தேன். நான் தறிக்காரன், எனக்கு மீனைப் பத்தி என்ன தெரியும்? எம் பொண்டாட்டி ஆசைப்பட்டா, வந்தேன். பொய் சொன்னது தப்புதான்."

தவளை தன் வாயால் கெடும் என்று சொல்வார்கள். பாவம், பழி தவளைக்கு. செவ்வாலி திறந்த வாயை மூடினாள். மறுபடி திறந்தாள். சத்தம் வரவில்லை. அதற்குப் பிறகு அவள் பேசவே இல்லை. அவள் குலத்தில் யாரும் பேசவில்லை. இன்றும் கெண்டை வாயைத் திறந்து திறந்து மூடும், ஒரு சொல் வராது.

மகளைக் கசத்தின் அடியில் விட்டுவிட்டுக் கூனனைத் தேடிப் போனாள். கல் கல்லாகப் புரட்டினாள். வேர் வேராகத் தடவினாள். மாதம் ஒன்றாயிற்று. கூனன் சட்டை உரித்து, அவனுக்குப் புது மீசை முளைத்திருந்தது. ஒரு பாறைக்குக் கீழே அவனைக் கண்டாள். பேச்சு இல்லாததால் தலையைத் தரையில் வைத்துக் கிடந்தாள். கண்ணீர் விட்டாளா என்று சொல்ல முடியாது, தண்ணீருக்குள் யார் கண்டது?

கூனனுக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் ஒரு முழம் தள்ளியே நின்றான்.

"பொடிச்சி பொழைச்சுக்கிட்டாளா யக்கா? அது போதும். நான் எப்பவோ மன்னிச்சுட்டேன். ஆனா இனிமே உனக்கு முதுகு காட்டமாட்டேன்."

சொல்லிவிட்டு, அவளைப் பார்த்தபடியே வாலை அடித்துப் பின்னால் போனான்.

அன்று முதல்தான் கெண்டைக்கு வாயோரம் நான்கு மீசை. அது தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாய் வைக்கும். அதனால்தான் தூண்டில் பழகுகிறவர்கள் மிதப்பின் முதல் ஆட்டத்துக்கு இழுக்காமல், அது முழுசாக அமுங்கும்வரை காத்திருக்கிறார்கள். கெண்டை ஆற்றின் தரையோடு அலைந்து கல்லைப் புரட்டுவதைப் பார்த்து இரை தேடுகிறது என்கிறோம். அன்று முதல்தான் இறாலும், உயிருக்குப் பயந்து ஓடும்போதுகூடத் திரும்பி ஓடாமல், எதிரில் நிற்பவரைப் பார்த்துக்கொண்டே பின்னால் போகிறது.