குருசாமியின் மஃப்ளர்

சிகரெட்டை விடுவது ஏகாம்பரத்துக்குப் புதிதல்ல. வருஷம் தவறாமல் விடுவார். கார்த்திகை முதல் தேதி சபரிமலைக்கு மாலை போட்டால், விரதம் முடியும்வரை அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். மலை இறங்கித் துறையூர் வந்து, பிள்ளையார் கோயிலில் மாலையைக் கழற்றிய கையோடு எதிர்ப் பெட்டிக்கடைக்குப் போவார். கடைக்காரர் மாணிக்கம் கேட்காமலே பாக்கெட்டை எடுத்து வைத்திருப்பார். மனுஷருக்கு அப்படி ஒரு கரிசனம்.

இந்த வருஷம் நீலிமலை ஏற்றத்தில் ஏகாம்பரத்துக்கு மூச்சு முட்டியது. நாலடி வைப்பார், உட்காருவார். பேரன் வயதுப் பிள்ளைகள் தாண்டிப் போனார்கள். டோலி தூக்குகிறவர்கள் பக்கத்தில் வந்து "ஏறிக்கிறீங்களா சாமி?" என்று கேட்டபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது. ஊரில் டாக்டர் சொல்லி அனுப்பியது அப்போதுதான் உறைத்தது.

"நுரையீரல்ல கெட்டது கெட்டதுதான். இப்ப நிறுத்தினா மிச்சமாவது தங்கும். இல்லேன்னா சிலிண்டரைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுத்தான் மூச்சு விடணும்."

எப்படியோ தரிசனம் ஆயிற்று. இறங்கிப் பம்பைக்கு வந்ததும் இருமல் பிடித்துக்கொண்டது. ஆளை இரண்டாக மடக்கும் இருமல். கூட வந்த துரைக்கண்ணு குருசாமி முதுகைத் தடவிக் கொடுத்தார். குனிந்து தரையிலிருந்து எதையோ எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். பிறகு தன் மஃப்ளரைக் கழற்றி ஏகாம்பரத்தின் கழுத்தில் சுற்றிவிட்டார்.

துரைக்கண்ணு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். ஏகாம்பரத்தைவிடப் பதினைந்து வயது சின்னவர். ஆனால் பதினெட்டு முறை மலை ஏறியவர் என்பதால் ஏகாம்பரம் அவர் காலில்தான் விழ வேண்டும். அதில் அவருக்குக் கூச்சம் எதுவும் இல்லை. மாலை போட்டவர்களுக்குள் வயதும் கிடையாது, பெயரும் கிடையாது. எல்லோருக்கும் எல்லோரும் சாமிதான்.

திரும்பும் வழியில் தேனியில் டீக்கு நிறுத்தினார்கள். வேன் டிரைவர் ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டு பாக்கெட்டை நீட்டினான்.

"அதான் மலை முடிஞ்சிருச்சே பெரியவரே. ஒண்ணு இழுங்க, குளிருக்கு நல்லாருக்கும்."

புகை மூக்கில் ஏறியதும் ஏகாம்பரத்துக்கு உடம்பு முழுக்கத் தவித்தது. ஸ்வெட்டருக்கு மேலேயே மார்பில் கையை வைத்துக்கொண்டார்.

"கழுத்துல மாலை இருக்குப்பா."

குருசாமி டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்.

திண்டுக்கல்லிலும் அதே தவிப்பு. கடலை மிட்டாய் வாங்கிக் கடித்துக்கொண்டு வேனில் போய் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை பிள்ளையார் கோயில். மற்றவர்கள் மாலையைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். ஏகாம்பரம் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார்.

"எனக்குக் கழட்ட வேணாம் சாமி. கழட்டினா அடுத்த நிமிஷம் அந்தக் கடையில நிப்பேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியும்."

"எத்தனை நாளைக்குக் கழுத்துல இருக்கணும்?"

"சாகுற வரைக்கும் இருக்கட்டும்."

"மஃப்ளரை எடுங்க சாமி."

ஏகாம்பரம் எடுத்தார். கழுத்தைத் தடவினார். ஸ்வெட்டருக்குள் கையை விட்டுத் துழாவினார். ஒன்றும் இல்லை.

குருசாமி தன் பையிலிருந்து நூல் அறுந்த துளசி மாலையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"எப்ப அறுந்துச்சு?"

"பம்பையில. நீங்க இருமினப்போ."

"சொல்லவே இல்லையே?"

"மாலை அறுந்தா ஆகாதுன்னு பயந்துடுவீங்க. இருந்த மூச்சும் போயிடும். ஊருக்கு வந்து சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன்."

ஏகாம்பரம் மாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப, தேனியில?"

"என் பையில இருந்துச்சு."

"திண்டுக்கல்ல?"

"பையிலதான்."

எதிரே மாணிக்கம் கடையிலிருந்து எட்டிப் பார்த்தார். பாக்கெட்டைப் பலகைமேல் எடுத்து வைத்தார். ஏகாம்பரத்தின் கண் அங்கேயே போயிற்று.

"இப்பவும் நாக்கு கேக்குது சாமி."

"தேனியில கேக்கலையா?"

"கேட்டுச்சு. உசிரு போற மாதிரி கேட்டுச்சு."

"நாளைக்கும் கேக்கும்."

"அதான் சொல்றேன். வேற நூல்ல கோத்துத் திரும்பப் போட்டுவிடுங்க."

குருசாமி மாலையை வாங்கிப் பிள்ளையாரின் காலடியில் வைத்தார். மஃப்ளரை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"வாங்க சாமி, போகலாம். வீட்ல இட்லி ஆறிடும்."

ஏகாம்பரம் நகரவில்லை. வெறுங்கழுத்தைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார்.

"மாலைதான் கழுத்துல இல்லையே. இன்னும் எதுக்கு என்னைப் போய் சாமிங்கிறீங்க?"

"நேத்துலேருந்து மாலை இல்லாத ஆளைத்தானே சாமின்னு கூப்பிட்டுக்கிட்டு வர்றேன்."